நிற்காத பெடல்

வெலோட்ரோம் எனும் பந்தயத் தடத்தில் ஓடும் சைக்கிளில் பிரேக் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும். காலுக்கு ஓய்வே இல்லை. பெண்களின் நேரப் பந்தயம் 500 மீட்டராக இருந்தபோது 250 மீட்டர் தடத்தில் இரண்டே சுற்று, நின்ற இடத்திலிருந்து. இருக்கையை விட்டு எழுந்து, கைப்பிடியை இழுத்துப் பிடித்து, உடம்பின் மொத்த பாரத்தையும் ஒற்றை மிதியில் இறக்கும் அந்தக் கணம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கார் நிக்கோபாரில் வளர்ந்த இந்திய வீராங்கனை டெபோரா ஹெரால்டின் பந்தயம் அது. 2004 சுனாமியில் ஒன்பது வயதுச் சிறுமியாக, மரத்தைப் பற்றிக்கொண்டு ஐந்து நாள் பிழைத்தவர். எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். எனக்கோ, பிறகு வருடக்கணக்கில் அவர் பழகிய அந்த முதல் மிதிதான் பெரிது.

அதே அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் இன்னொரு வீரர் ஈசோ ஆல்பென் 2018-ல் சுவிட்சர்லாந்தில், மோட்டார் வண்டியின் பின்னே தொடங்கும் கெய்ரின் விரைவுப் பந்தயத்தில் ஜூனியர் உலக வெள்ளியை வென்றார். தங்கம் தவறியது 0.017 விநாடியில்; ஏறக்குறைய அரைச் சக்கர தூரம்.