லிங்கரின் தாராளம்

2020 மே மாதம் ஜிசிசி 10 வெளிவந்ததும், வருடக்கணக்காகச் சிக்கலில்லாமல் பில்டு ஆகிவந்த சி நூலகங்கள் பல கடைசிப் படியில் இடறின. ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்றது லிங்கர்; மேக் கணினியில் இதுவே ‘டூப்ளிகேட் சிம்பல்’. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. கம்பைலரின் இயல்பு அமைப்புதான் மாறியிருந்தது.

ஹெடரில் ‘இன்ட் கவுன்ட்;’ என்று எழுதி, அதைப் பத்து சி கோப்புகளில் இன்க்ளூட் செய்தால் பத்து வரையறைகள் பிறக்கின்றன. இன்க்ளூட் கார்டு காப்பாற்றாது. ஒரே கோப்பில் ஹெடர் இருமுறை நுழைவதை மட்டுமே அது தடுக்கும். தொடக்க மதிப்பில்லாத இத்தகைய மாறிகளைப் பழைய ஜிசிசி, ஃபோர்ட்ரான் காமன் பிளாக் பாணியில், ‘காமன்’ என்று குறித்துவிடும். லிங்கர் அத்தனையையும் ஒன்றாக்கிவிடும். ஜிசிசி 10 இயல்பாக அப்படிக் குறிப்பதில்லை. வசதிதான். ஆனால் ஒரு கோப்பில் இன்ட், இன்னொன்றில் டபுள் என்றிருந்தாலும் பெரியதன் அளவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு வாய் திறக்காது. நூலகத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம்: பயன்படுத்துபவர் தன் நிரலிலும் ‘கவுன்ட்’ வைத்திருந்தால், முன்பின் அறியாத இருவர் ஒரே நினைவகத்தில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பலர் கைவைக்கும் முதல் மருந்து, பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரும் எஃப்காமன் கொடியைக் கம்பைலருக்குச் சேர்ப்பது. நம் பொறுப்பில் இல்லாத பழைய நிரலை இன்றைக்கே பில்டு செய்தாக வேண்டுமென்றால் அது நியாயமே, நானும் செய்திருக்கிறேன். சொந்த நூலகத்தில் அது பிழையைத் தள்ளிப்போடுவது மட்டுமே. தொடக்க மதிப்புள்ள மாறிகளிடமோ ஃபங்ஷன்களிடமோ பலிக்கவும் செய்யாது. லிங்கருக்குத் தரும் ‘அலவ் மல்டிபிள் டெஃபனிஷன்’ கொடி அதைவிட மோசம்: முதலில் வந்த வரையறை ஜெயிக்கும், ஆகவே மேக்ஃபைலில் கோப்புகளின் வரிசை மாறினால் நிரலின் நடத்தையே மாறலாம். ஹெடரில் ‘ஸ்டாட்டிக்’ போடுபவர்களும் உண்டு. பிழைச்செய்தி மறையும், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி கவுன்ட் கிடைக்கும், எண்ணிக்கை எதிலும் சரியாக இருக்காது.

ஹெடரில் ‘எக்ஸ்டெர்ன்’, ஒரே ஒரு சி கோப்பில் வரையறை, வெளியே தெரியும் பெயர்களுக்கு நூலகத்தின் முன்னொட்டு: சரியான வழி இவ்வளவுதான். எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்பதை ‘என்எம்’ கட்டளை காட்டும். பெயருக்கு அருகே ‘சி’ என்ற பெரிய எழுத்து தெரிந்தால் அது காமன்.

லினக்ஸ் கெர்னலும் இதில் மாட்டியது. அதன் டிடிசி (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) கருவியில் ‘ஒய்ஒய்லாக்’ என்ற மாறி லெக்சரிலும் பார்சரிலும் வரையறுக்கப்பட்டிருந்தது. லெக்சரில் இருந்த அந்த ஒரு வரியை நீக்கினார்கள்.