சீமோரின் ஓர் ஏக்கர் காரைக்காலில் விளையுமா?

திருநள்ளாற்றுப் பக்கம் மூன்று மா நிலம் விலைக்கு வருகிறது. வேலையை விட்டுவிட்டு, மின்கம்பித் தொடர்பும் கடைக்கணக்கும் இல்லாமல் அங்கே குடும்பத்தோடு வாழப் போகிறேன் என்று நண்பர் ஒருவர் வந்து நின்றார். கையில் ஜான் சீமோர் எழுதிய தன்னிறைவு வாழ்க்கைக் கையேடு. 1976-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த புகழ்பெற்ற நூல். "படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். வாசகர்களே, உங்களில் சிலருக்கும் இந்த ஆசை இருக்கக்கூடும். எனவே அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நூல் நல்ல நூல்தான். சீமோர் வேல்ஸ் நாட்டில் நிலம் உழுது, மாடு கறந்து, ரொட்டி சுட்டுப் பார்த்து எழுதியவர். படங்களைப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். அவருடைய ஓர் ஏக்கர்த் திட்டம் இது: பாதி நிலம் புல், மறுபாதியை நான்காகப் பிரித்து உருளைக்கிழங்கு, அவரையினம், முட்டைக்கோசு இனம், கிழங்குவகை என்று சுழற்சி முறையில் பயிரிடவேண்டும். ஒரு பசு, பன்றி, சில கோழிகள். பசுவுக்குத் தீவனத்தில் ஒரு பகுதியை வெளியே வாங்கத்தான் வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். நாம் சோறு உண்பவர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால், நான்கு பேருக்கு ஆண்டுக்கு 584 கிலோ. நெல்லில் மூன்றில் இரு பங்கே அரிசியாகும். ஆக சுமார் 876 கிலோ நெல், அதாவது 60 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 15 மூட்டை வேண்டும். கடையில் உரம் வாங்காமல், பழைய ரகத்தைப் பயிரிட்டால் ஏக்கருக்கு ஒரு டன் கிடைப்பதே நல்ல மகசூல். விதைநெல்லை எடுத்துவைத்தால் மூன்று மாவும் சோற்றுக்கே சரியாகிவிடுகிறது. புல்லுக்கும் காய்கறிக்கும் இடம் எங்கே?

அடுப்புக்குச் சாண எரிவாயு போதும் என்கிறார் நண்பர். ஒருவருக்குச் சமைக்க நாளொன்றுக்குக் கால் கன மீட்டர் வாயு தேவை. நால்வருக்கு ஒரு கன மீட்டர். அதற்கு 25 கிலோ சாணம். நம் உம்பளச்சேரி மாடு சிறியது, மூன்றாவது வேண்டும். மூன்றுக்கும் நாளைக்கு 15 கிலோ வைக்கோல் என்றால் ஆண்டுக்கு ஐந்தரை டன். அந்த ஒரு போக நெல் தருவதோ ஒன்றரை டன்! சீமோரும் இடறிய இடம் இதுவே.

மின்சாரம் இவ்வளவு கடினமன்று. 30 வாட் மின்விசிறி இரண்டு, பன்னிரண்டு மணி நேரம். 9 வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம்: மொத்தம் 0.9 யூனிட். அரைக் கிலோவாட் சூரியப் பலகை வெயில் நாளில் இரண்டு யூனிட் தரும். ஆனால் ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் சூரியனே தெரியாது. அதற்கு 150 ஆம்பியர்-மணி மின்கலம் மூன்று தேவை, அவை சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும், மறுபடி கடைதான்.

குடிநீரில்தான் காரைக்கால் வேல்ஸுக்குச் சளைத்ததில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 50 சதுர மீட்டர்க் கூரையில் விழுவது 70,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால், மழையில்லாத ஒன்பது மாதத்துக்கு 5,400 லிட்டர்த் தொட்டியே போதும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிவரும் ஊரில் இது சிறிய செய்தியன்று.

ஆனால் பாசனம்? மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை கடந்து, அரசலாற்று வழியே கடைமடைக்கு வந்து சேரவேண்டும். புதுச்சேரிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. என்று 2007-இல் நடுவர் மன்றம் வரையறுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் அது மாறவில்லை. அந்த நீர் வரும் வாய்க்காலை ஒரு குடும்பம் தூர்வாரிவிட முடியாது. வேலிக்குள் ஒரு குடும்பம் என்று சீமோர் வரைந்த படம் டெல்டாவில் பொருந்தாமற் போவது இங்கேதான். குடிமராமத்து என்ற சொல்லே நம்மிடம் இருந்ததற்குக் காரணமும் இதுதான்.

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, சிறையிலிருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் குடும்பத்தை அன்று, கிராமத்தையே அலகாகக் கொண்டார். வேடிக்கை என்னவென்றால், சீமோரின் நூலுக்கு முன்னுரை எழுதிய ஷூமாக்கர், தம் சொந்த நூலில் இந்தக் குமரப்பாவை எடுத்தாண்டவர். முன்னுரைக்காரருக்குத் தெரிந்தது நூலுக்குள் நுழையவில்லை! குமரப்பாவிடமும் குறை உண்டு: கிராமத்துக்குள் நிலமில்லாதவர் கதி என்ன என்ற கேள்வியை அவர் போதிய அழுத்தத்துடன் எழுப்பவில்லை என்பது என் கருத்து.

நண்பருக்கு என் விடை: கூரைத் தொட்டியும் சூரியப் பலகையும் இப்போதிருக்கும் வீட்டிலேயே வையுங்கள், வேலையை விடாதீர்கள், நிலம் வாங்குவதானால் மூன்று மாவைவிட வாய்க்காலை முதலில் பாருங்கள். அவர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சென்ற வாரம் சந்தித்தபோது, அந்த வாய்க்காலில் தமக்கு மேலே யார் யார் நிலம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.