தாளம் திரும்பும்வரை: டிரான்ஸ் இசையில் காத்திருப்பும் பெண் குரலும்

டிரான்ஸ் இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பரவசம், தன்னை மறத்தல் என்று ஆன்மிகச் சொற்களில் பேசுவார்கள். இல்லையென்றால் போதை, சீரழிவு என்று ஒழுக்கச் சொற்களில் பேசுவார்கள். இரு சாராருமே அதை ஒரு வேலையாகப் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நொடியில் கையுயர்த்துகிறார்கள் என்றால், யாரோ எதையோ திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள். அது என்ன வேலை, அதில் யாருடைய உழைப்பு கலந்திருக்கிறது, பெயர் யாருக்குப் போகிறது என்பதே இங்கு என் கேள்வி.

முதலில் அந்த வேலையின் அமைப்பு. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின் நகரங்களில் உருத்திரண்ட இந்த இசை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 முதல் 140 அடிகள் வரை ஓடுவது. ஒவ்வோர் அடியிலும் கிக் டிரம் விழும். நான்கு அடி ஓர் ஆவர்த்தனம். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு ஆவர்த்தனங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று சேரும் அல்லது விலகும். நடனமாடுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, உடம்புக்குத் தெரிந்துவிடும். பாட்டின் நடுவில் கிக்கும் பாஸும் திடீரென்று விலகும். இதற்குப் பெயர் பிரேக்டவுன். காலுக்கடியில் இருந்த தரை போய்விட்டதுபோல் இருக்கும். நீண்ட சுரங்கள் மட்டும் மிதக்கும்; மெட்டு அப்போதுதான் முழுதாக வெளிப்படும். பிறகு ஏற்றம். ஸ்னேர் டிரம் முதலில் அடிக்கு ஒன்றாக, பின் இரண்டாக, பின் நான்காக நெருங்கும். ஃபில்டர் மெல்லத் திறந்து ஒலி கூர்மையாகும். அருவிபோன்ற இரைச்சல் ஒன்று கீழிருந்து மேலே ஏறும். உச்சியில் ஒரு கணம் எல்லாம் நிற்கும். பிறகு கிக் திரும்பி வந்து விழும்.

138 அடி வேகத்தில் முப்பத்திரண்டு ஆவர்த்தனம் என்பது சுமார் 56 நொடி. ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் கால்கள் பழகிவிட்ட ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, இதோ தருகிறேன் என்று நீட்டி, மறுபடி பின்னிழுக்கும்போது அந்த 56 நொடி மிக நீளமாக இருக்கிறது. இந்த இசையின் நாடகம் முழுவதும் கொடுப்பதைவிடத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது.

ஒரு பாட்டுக்குள் நிகழும் இதைப் பாட்டை உருவாக்கியவர் செய்துவைத்துவிடுகிறார். டிஜேயின் வேலை பாட்டுகளுக்கு இடையே இருக்கிறது. இரண்டு பாட்டுகளின் வேகத்தை ஒன்றாக்க வேண்டும். ஆவர்த்தனக் கணக்கு பிசகாமல் ஒன்றின் வால் மற்றொன்றின் தலையோடு பொருந்த வேண்டும். இரண்டு பாஸ் ஒரே நேரத்தில் ஒலித்தால் எல்லாம் குழம்பிவிடும் என்பதால், மிக்ஸரில் ஒன்றின் கீழ்ஒலியைக் குறைத்துக்கொண்டே மற்றொன்றினுடையதைத் திறக்க வேண்டும். சுருதி உறவுள்ள பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் மாற்றம் காதில் உறுத்தாது. வேண்டுமென்றே சுருதியை ஒரு படி ஏற்றினால் கூட்டம் காரணம் தெரியாமல் நிமிரும். ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ பதினைந்து முதல் இருபது பாட்டுகள். எல்லாமே உச்சமாக இருந்தால் எதுவும் உச்சமாக இராது. எந்தப் பாட்டை விட்டுவிடுவது, எங்கே கூட்டத்தை இளைப்பாறவிடுவது என்பதில்தான் தேர்ச்சி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேடையில் டிஜே இரு கைகளையும் விரித்து நிற்கிற அந்தப் புகழ்பெற்ற காட்சி, பெரும்பாலும் அவருக்குக் கையில் வேலை இல்லாத நேரம். பிரேக்டவுனும் ஏற்றமும் பாட்டிலேயே பதிவாகியிருப்பவை. அவை தாமாக ஓடும். உண்மையான வேலை அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே, தலை குனிந்து, ஒரு காதில் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு செய்யப்பட்டுவிட்டது. அதை யாரும் படமெடுப்பதில்லை. உழைப்பு ஓரிடத்திலும் கைதட்டல் இன்னோரிடத்திலும் நிகழ்வது பெண்களுக்குப் புதிதல்ல. இந்த இசையில் அது எத்தனை அடுக்குகளில் நிகழ்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

ஏறி, ஏறி, உச்சத்தில் வெடிக்கும் இந்த வடிவத்தையே ஆண்மைய வடிவம் என்று சொல்லிவிடலாமா? சூசன் மெக்ளாரி 1991இல் வெளிவந்த தம் நூலில் மேலையச் செவ்வியல் இசையின் உச்சம் நோக்கிய உந்துதலை ஆண் இச்சையின் கதைவடிவமாக வாசித்தார். அதை டிரான்ஸுக்குப் பொருத்துவது எளிது. எனக்கு அந்த எளிமையில் உடன்பாடில்லை. ரிச்சர்ட் டயர் 1979இல் டிஸ்கோவுக்கு ஆதரவாக எழுதிய கட்டுரையில், ராக் இசையின் இச்சை ஓர் உறுப்பில் குவிவது, டிஸ்கோவினுடையதோ உடல் முழுவதும் பரவுவது என்று வாதிட்டார். டிரான்ஸ் டிஸ்கோவின் வழி வந்தது. தனி ஒரு பாட்டை எடுத்தால் மெக்ளாரி சொல்வது சரியாகத் தோன்றும். ஆறு மணி நேரத் தொகுப்பைக் கேட்டால் டயர் பக்கம் சாய்வோம். அங்கே உச்சங்கள் பல, எதுவும் முடிவல்ல, ஒவ்வொன்றும் அடுத்த காத்திருப்புக்குள் கரைகிறது.

காத்திருப்பு என்றதும் தமிழ் படித்தவளுக்கு முல்லை நினைவுக்கு வராமல் போகாது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அங்கே இருப்பவள் தலைவி; வினைமேற் சென்றவன் தலைவன். கார்காலம் வந்தும் தேர் வராத அந்த இடைவெளியில்தான் கவிதை நிகழ்கிறது. தேர் வந்த பிறகு சொல்ல அதிகமில்லை. டிரான்ஸ் அந்த இருத்தலை ஆண், பெண் என்று பிரிக்காமல் அரங்கம் முழுவதற்கும் கொடுக்கிறது. வேறெங்கும் காத்திருந்து பழகாத ஆண்களும் அந்த 56 நொடி காத்திருக்கிறார்கள். இதை நான் இந்த வடிவத்தின் நல்ல பக்கமாகவே பார்க்கிறேன்.

ஆனால் அந்தக் காத்திருப்பின்போது பாடுவது யார்? டிரான்ஸ் பாட்டில் குரல் இருந்தால் அது பெரும்பாலும் பெண் குரல். அது முழுதாக ஒலிக்கும் இடம் பெரும்பாலும் தாளம் விலகிய பிரேக்டவுன். ஏக்கம், நினைவு, இழப்பு எல்லாம் அவள் பொறுப்பு. ஏற்றம் தொடங்கியதும் அவளுடைய சொற்கள் துண்டாகி, ஓர் அசையாகச் சுருங்கி, எதிரொலியாகி, கிக் வந்து விழும்போது காணாமல் போகும். மனம் அவளுடையது, தாளம் அவனுடையது என்ற பழைய பிரிவினையை இயந்திரம் மறுபடி எழுதிக்கொள்கிறது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1977இல் மியூனிக்கில் ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லாட்டும் உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டில் சின்தசைசரின் ஓயாத ஓட்டத்தின் மேல் டோனா சம்மரின் குரல் மிதக்கிறது. அவர் அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர். என்றாலும், எதிர்காலத்தின் ஒலியைக் கண்டுபிடித்த மேதை என்று மொரோடர் பேசப்படுகிற அளவுக்கு அவர் அந்தப் பாட்டின் ஆசிரியராகப் பேசப்படுவதில்லை. கனடாவின் டெலீரியம் குழுவின் ‘சைலன்ஸ்’ பாட்டில் உயிராக இருப்பது சாரா மெக்லாக்லனின் குரல். 2000இல் டீஸ்டோ செய்த ரீமிக்ஸ் அதை நடன அரங்குகளுக்குக் கொண்டுசென்றது. இன்று பலருக்கு அது டீஸ்டோ பாட்டு. அட்டையில் பெண்ணின் பெயருக்கு முன் ‘ஃபீச்சரிங்’ என்ற சொல் நிற்கும். வீட்டு வாசல்வரை வரலாம், பத்திரத்தில் பெயர் கிடையாது என்பதுபோல. ஜஸ்டின் சுயீசா போன்றோர் இதற்கு விலக்கு. அபவ் அண்ட் பியாண்டின் மூன்று ஆண்களோடு சேர்ந்து ஓஷன்லேப் குழுவின் உறுப்பினராகவே அவர் நின்றார். ‘சாட்டலைட்’ பாட்டில் குரலுக்கும் தாளத்துக்கும் இடையே கேட்கிற சமநிலைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகவே நான் கேட்கிறேன்.

பெயரில்லாத இன்னொரு வேலை, தொடக்க நேரத்து டிஜேயினுடையது. அரங்கம் பாதி காலியாக இருக்கும்போது வாசிப்பவர் இவர். வேகத்தை ஏற்றிவிடக் கூடாது. புகழ்பெற்ற பாட்டுகளைத் தொடக் கூடாது. கூட்டத்தைச் சூடாக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. அடுத்து வருகிற நட்சத்திரத்திடம் சரியான பதத்தில் ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். தொழில் அறிந்தவர்கள் இதைத்தான் கடினமான கலை என்பார்கள். பத்து மணிக்கு நிகழும் வெடிப்பின் பாதி, எட்டு மணிக்குக் காட்டிய பொறுமையில் இருக்கிறது. பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கிடைக்கும் அதே மரியாதைதான் இதற்கும்.

இந்தியாவில் இந்த இசைக்கு ஒரு சொந்த ஊர் உண்டு: கோவாவின் அஞ்சுனா. 2023இல் மறைந்த கோவா கில், டேட் நாடாக்களிலிருந்து வாசித்தவர். அந்தக் கருவியில் வேகத்தை இழுத்துப் பொருத்த வழியில்லை. ஆகவே நாடகத்தைக் கலவையில் அல்லாமல் இரவின் ஓட்டத்தில் கட்டினார்: நள்ளிரவில் இருண்ட, கடுமையான ஒலி, விடியலில் ஒளியும் மெட்டும். சூரியனே டிராப். அந்த இரவு முழுவதும் அரங்கின் ஓரத்தில் பாய் விரித்து, விளக்கேற்றி, டீயும் ஆம்லெட்டும் விற்றவர்கள் உள்ளூர்ப் பெண்கள். ஆடிக் களைத்தவர்கள் வந்து விழும் இடம் அந்தப் பாய். இசையின் இளைப்பாறலை உடம்புக்குத் தந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்துத் தொகுப்புகள் இணையத்தில் பேணப்படுகின்றன. அந்தப் பெண்கள் ‘சாய் மாமா’ என்ற பொதுப்பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். அருண் சல்தான்யா 2007இல் வெளியிட்ட ஆய்வுநூல் இன்னொன்றையும் காட்டியது: விடியலின் உச்சம் எல்லாருக்குமானதாக இருக்கவில்லை. காலை வெளிச்சத்தில் அரங்கு பெரும்பாலும் வெள்ளையர்களுடையதாகிவிடும். எல்லாரையும் ஒன்றாக்கும் இசை என்ற பேச்சை அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆறு மணி நேர நாடகத்தைக் கடைசிவரை கேட்க, ஆறு மணி நேர இரவு கையில் இருக்க வேண்டும். மாலை ஆறரைக்குக் கதவடைக்கும் விடுதியில் இருக்கும் என் மாணவியருக்கு அது இல்லை. அவர்கள் இந்த இசையைப் போர்வைக்குள், காதுக்கருவியில் கேட்கிறார்கள். டிராப் வரும்போது ஆடக் கால் இருக்கிறது, தரை இல்லை. நானும் இதைப் பெரும்பாலும் பதிவுகளில் கேட்டவள்தான். இந்த வடிவம் கட்டமைக்கும் விடியலை நேரில் கண்டவர்கள் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே இதை நாம் விமர்சிக்க முடியும்.

மாற்றம் இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் ஷார்லட் டி விட், தொடக்கக் காலத்தில் பெண் என்ற முன்முடிவைத் தவிர்க்க ‘ரேவிங் ஜார்ஜ்’ என்ற ஆண் பெயரில் வாசித்தார். 2015இல் சொந்தப் பெயருக்கு வந்தார். டிரான்ஸின் மூலப்பாட்டுகளில் ஒன்றான ‘தி ஏஜ் ஆஃப் லவ்’வை 2021இல் என்ரிகோ சான்ஜுலியானோவுடன் சேர்ந்து மறுஆக்கம் செய்தார். அதில் அழைக்கும் பெண் குரலும் இருக்கிறது; கிக்கை எப்போது திருப்பித் தருவது என்று முடிவெடுத்தவர்களில் ஒரு பெண்ணும் இருக்கிறார். மறு ஆண்டு டுமாரோலேண்ட் விழாவின் முதன்மை மேடையை நிறைவுசெய்த முதல் பெண் அவர். அந்த விழா தொடங்கியது 2005இல். இடையில் எத்தனை தொடக்க நேரங்களைப் பெண்கள் பொறுமையாக வாசித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள் என்பதற்குக் கணக்கு எழுதியவர் யாருமில்லை. அந்தக் கணக்கை நம்மில் யாராவது எழுதத் தொடங்க வேண்டும்.