மதுரை கண்ட மற்றொரு பொற்கிழி

பாண்டியன் தன் ஐயத்தைத் தீர்ப்பார்க்கென்று சங்க மண்டபத்தில் பொற்கிழி தொங்கவிட்ட கதையைத் திருவிளையாடற் புராணம் கூறும். மகளிர் கூந்தலின் மணம் இயற்கையோ, செயற்கையோ என்பது வினா. தருமி பாட்டுடன் வந்தான். நக்கீரர் குற்றம் கண்டார். இறைவனே இறங்கி வந்து வழக்காடினான். இளமை முதல் இக்கதையைக் கேட்டுவரும் நமக்கு ஒன்று மட்டும் தோன்றாமலே போயிற்று. கூந்தல் மகளிருடையது, விடை சொல்ல எழுந்தவரோ அனைவரும் ஆடவர். அரசியை ஒருவரும் கேட்கவில்லை.

இவ்வெண்ணத்தை நம்முள் எழுப்பியது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. 2019 டிசம்பர் 23 அன்று கலர்ஸ் தமிழ் அலைவரிசையில் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே சில திங்களில் முடிந்துபோன ‘கோடீஸ்வரி’ அது. இலக்கிய மலரில் இதற்கு இடமுண்டோ என வினவுவாரும் இருக்கலாம். பிசி என்னும் விடுகதையைச் செய்யுள் வகைகளுள் ஒன்றாக வைத்து இலக்கணம் வகுத்தார் தொல்காப்பியர். வினாவும் விடையும் நமக்குப் புறம்பான பொருள்கள் அல்ல.

இந்நிகழ்ச்சியின் மூலம் 1998இல் இங்கிலாந்தில் தோன்றியது. தில்லியில் வாழும் நமக்கு அதற்கு முன்பே வினாடி வினாவில் பழக்கமுண்டு. 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய ‘குவிஸ் டைம்’ நிகழ்ச்சியில் கல்லூரி மாணவர் ஆங்கிலத்தில் மோதுவதை வியந்து பார்த்திருக்கிறோம். 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் இந்தியில் கோடி ரூபாயை முன்வைத்தபோது தெருவே வீட்டுக்குள் அடங்கியது. அதே ஆண்டில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்தினார். பின்னர் விஜய் தொலைக்காட்சி ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று பெயர் மாற்றி, 2012இல் சூர்யாவையும், 2013இல் பிரகாஷ்ராஜையும், 2016இல் அரவிந்த்சாமியையும் கொண்டு அதனை மீட்டது. பெயரளவில் இதுவே நல்ல தமிழ். எனினும் அம்மூன்று பருவங்களிலும் நடத்துநர் மாறினாரேயன்றி விளையாட்டு மாறவில்லை என்பது நம் கருத்து.

‘கோடீஸ்வரி’ மாறியது. வினவுபவர் ராதிகா சரத்குமார். விடை கூற அமர்ந்தோர் அனைவரும் பெண்கள். கணவர் நடத்திய ஆட்டத்தை ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் மனைவி நடத்தியது சுவையான தற்செயல். 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’ தொட்டுத் திரையிலும், பின்னர் ‘சித்தி’ தொடரிலும் நம் வீட்டார் அறிந்த முகம் அவர் முகம். அதிகாரியைப் போல் அவர் வினவவில்லை. ஊரிலிருந்து வந்த பெரியம்மா அடுக்களையில் அமர்ந்து விசாரிப்பது போல் வினவினார். தடுமாறிய பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தார்.

குறையும் உண்டு. போட்டியாளரின் துயரக் கதையை இசையோடு நீட்டிக் காட்டிவிட்டே வினாவிற்கு வரும் வழக்கம் நமக்கு உவப்பாக இல்லை. அறிவை அளக்க வந்த இடத்தில் கண்ணீரை ஏன் அளக்க வேண்டும்?

இக்குறையை மறக்கச் செய்த நாள் 2020 ஜனவரியில் வந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு பெண்மணி போட்டியில் அமர்ந்தார். அவருக்குச் செவிப்புலன் இல்லை, பேச்சும் இல்லை. இவ்விளையாட்டின் உயிர் ஒலியில் இருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெஞ்சத் துடிப்பை ஒத்த முரசொலி, விடையை அறிவிக்குமுன் இடும் நீண்ட மௌனம், ‘உறுதிதானா?’ என்று அசைத்துப் பார்க்கும் குரல் ஆகிய யாவும் காதின் வழியே அச்சமூட்டும் உத்திகள். இவற்றுள் ஒன்றும் அவரைத் தீண்டவில்லை. திரையில் தோன்றிய எழுத்தையும் ராதிகாவின் இதழசைவையும் அவர் படித்தார். சைகையால் விடை பகர்ந்தார். ராதிகா முகத்தை அவர் பக்கமே வைத்து, சொற்களை நிதானமாக உருவாக்கிக் காட்டினார். நடத்துநரின் கலை வேறெங்கும் இவ்வளவு தூயதாக நமக்குப் புலப்பட்டதில்லை. பதினைந்து வினாக்களையும் கடந்து அப்பெண்மணி ஒரு கோடி ரூபாய் வென்றார். தருமிக்கு இறைவன் பாட்டெழுதிக் கொடுத்தான். இவருக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இங்கே தில்லித் தமிழராகிய நாம் சற்றுக் கூச வேண்டியிருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் பள்ளிகளை நடத்துகிறது. அங்குப் பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்து வாய்க்கிறது. ஏனைப் பள்ளிகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் மிகப் பலர் தமிழைக் கேட்டு உணர்வர். வீட்டில் பேசவும் பேசுவர். எழுத்தைக் கண்டால் விழிப்பர். கேளாத ஒருவர் படித்தே வென்ற வினாவை, கேட்கும் செவியுடைய நம் பிள்ளைகள் படிக்க இயலாமல் பார்த்திருந்தனர். ராதிகா வாய்விட்டுச் சொன்னதால் அவர்கள் தப்பினர் எனலாம்.

அந்நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவில் மயூர் விகாரில் நண்பர் இல்லத்தில் நாம் அமர்ந்திருந்தோம். நான்கு விடைகள் திரையில் எழுந்தன. பதினோரு வயதுப் பேத்தி, ‘பாட்டி, நாலாவது என்னன்னு படிங்க, சீக்கிரம்’ என்று தொடையைத் தட்டினாள். பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், மதுரைப் பெண்மணி தம் விரலை உயர்த்திவிட்டிருந்தார்.