பறவைக்கும் விண்மீனுக்கும் ஒரே பைனாகுலர்

பைனாகுலரின் மேல் 10×42, 12×50 என்று பொறித்திருக்கும் எண்களில் முதலாவது, பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பது. பறவை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் 8 மடங்கிலோ 10 மடங்கிலோ நின்றுவிடுவார்கள். அதற்கு மேலே 12, 14, 15, 18 மடங்குக் கருவிகள் இருக்கின்றன. ஏரியின் நடுத்திட்டில் மேயும் உள்ளானையும் இரவில் வியாழனின் நிலாக்களையும் ஒரே கருவியில் பார்க்க விரும்புகிறவரின் கண் இயல்பாகவே அந்த வரிசையின் மேல் விழுகிறது. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜெர்மனியின் ஸைஸ், லைக்கா, ஜப்பானின் கேனன், நிக்கான், ஃபியூஜினான் ஆகியவை இதில் முன்னணிப் பெயர்கள். ஸ்வரோவ்ஸ்கியின் என்எல் ப்யூர் 12×42 அமெரிக்காவில் 3,000 டாலருக்கு மேல் விற்கிறது. இவ்வளவு பணம் போடும்போது முதலில் எடைபோட வேண்டியது வில்லையின் தரத்தை அல்ல, கையின் நடுக்கத்தை.

10 மடங்குக் கருவி பறவையை மட்டும் 10 மடங்கு பெரிதாக்குவதில்லை. பிடித்திருக்கும் கையின் அசைவையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. 8 மடங்கில் பெரும்பாலோர் இந்த நடுக்கத்தை உணர்வதே இல்லை. 10 மடங்கில் உணர்கிறார்கள், ஆனால் சமாளித்துக்கொள்கிறார்கள். 12 மடங்கு, பழகிய கைக்கு எல்லை. 15 மடங்கை வெறும் கையில் பிடித்தால், இறகின் நுண்வரிகளைக் காட்ட வேண்டிய கூடுதல் பெருக்கம் முழுவதையும் நடுக்கம் தின்றுவிடும். வானத்தில் இந்த இழப்பு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பறவையின் உருவம் ஆடினாலும் மூளை அதை ஓரளவு சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீன் ஆடினால் புழுபோல நெளியும் கோடாகிறது. மங்கலான விண்மீன்களோ கண்ணுக்கே எட்டாமல் போகின்றன.

அடுத்தது, கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். 10×50 கருவியில் 5 மில்லிமீட்டர், 12×42 கருவியில் 3.5, 15×50 கருவியில் 3.3. நல்ல பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்மணி 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் விரிகிறது. ஆகவே பகலில் இந்த மூன்றும் ஒன்றுபோலவே வெளிச்சமாகத் தெரியும். அந்தி நேரத்தில் வேறுபாடு வெளிவரும். கூடு திரும்பும் நாரைகளின் மேல் 10×50 கொடுக்கும் வெளிச்சம், 12×42 கொடுப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. முழு இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியலாம். வயது ஏற ஏற அது சுருங்கி, பலருக்கு 5 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. ஐம்பதைத் தாண்டியவர் 7 மில்லிமீட்டர் கற்றை தரும் 7×50 கருவியை வானத்துக்காக வாங்கினால், அதன் ஒளியில் ஒரு பகுதி அவர் கண்ணுக்குள் போகவே போகாது.

இந்தக் கணக்கில் அதிக உருப்பெருக்கத்துக்குச் சாதகமான ஒரு பக்கமும் உண்டு. கடைகளில் இதைச் சொல்வார் குறைவு. சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் வானம் இரவிலும் கருப்பாக இருப்பதில்லை. தெருவிளக்குகளின் ஒளி பட்டுச் சாம்பல் நிறமாகவே இருக்கிறது. கற்றையின் அகலம் குறையக் குறைய இந்தச் சாம்பல் பின்னணி மங்குகிறது. விண்மீன் மட்டும் புள்ளி என்பதால் அதன் ஒளி அப்படியே நிற்கிறது. 10×50 கருவியிலிருந்து 15×50 கருவிக்கு மாறினால் பின்னணி வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முன்வில்லை இரண்டிலும் ஒன்றுதான். மொட்டைமாடியிலிருந்து வானம் பார்ப்பவருக்கு 15 மடங்கு வீண் ஆடம்பரமல்ல. அதை அசையாமல் நிறுத்தும் வழி மட்டும் வேண்டும்.

ஸ்வரோவ்ஸ்கி 2020இல் கொண்டுவந்த என்எல் ப்யூர் 12×42, வெறும் கையில் பிடிக்கும் கருவிகளில் பழகிய கையின் எல்லையை மிக நெருக்கமாகத் தொடுகிறது. எடை ஏறத்தாழ 840 கிராம். குழாய்களின் நடுப்பகுதி உள்வாங்கி ஒடுங்கியிருப்பதால் விரல்கள் சுற்றிவளைத்துப் பிடிக்கின்றன. பிடி உறுதியாக அமைகிறது. இதன் உண்மையான சாதனை காட்சிப் புலத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் தூரத்தில் 113 மீட்டர் அகலம் கண்ணுக்குள் அடங்குகிறது. அதே நிறுவனத்தின் பழைய இஎல் 12×50 கருவியில் இது 100 மீட்டர்தான். பறக்கும் பறவையைத் தேடிப் பிடிக்கும்போது இந்தக் கூடுதல் அகலம் உதவுகிறது. நெற்றியில் பொருந்தும் தாங்கியைத் தனியாக வாங்கி மாட்டலாம். கருவி இரண்டு கைகளோடு நெற்றியிலும் ஊன்றி நிற்பதால் நடுக்கம் தெளிவாகக் குறைகிறது. 12 மடங்கு வாங்குகிறவர் இந்தத் தாங்கியையும் சேர்த்தே விலை கணக்கிட வேண்டும்; அது இல்லாத 12×42 அரைக் கருவிதான்.

குறைகளும் உண்டு. சூரியன் தாழ்ந்து நிற்கும்போது காட்சியின் கீழ் விளிம்பில் பிறை வடிவில் ஒரு வெண்ணொளி படர்வதாகப் பயன்படுத்துவோர் பலர் சொல்கிறார்கள். கண்ணை வைக்கும் இடத்தைச் சற்று மாற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது, ஆனாலும் இந்த விலைக்கு அது இருக்கக் கூடாது. 12 மடங்கில் குவியத்தின் ஆழமும் குறைவு. 8 மடங்குக் கருவி ஒரு குவியத்தில் தெளிவாகக் காட்டும் ஆழத்தில் பாதிகூட இதில் கிடைக்காது. நீலகிரிச் சோலையின் இலைச் செறிவுக்குள் கிளைக்குக் கிளை தாவும் ஈப்பிடிப்பானைத் தொடரும்போது குவியச் சக்கரத்தை ஓயாமல் திருக வேண்டியிருக்கும். கிட்டத்திலும் நிழலிலும் பறவை பார்ப்பவருக்கு 8×42தான் ஏற்றது. அதிக உருப்பெருக்கம் திறந்த வெளிக்கானது.

திறந்த வெளியிலும் அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. கோடியக்கரையின் சேற்றுப் பரப்பிலோ பள்ளிக்கரணையிலோ வெயில் ஏறத் தொடங்கியதும் நிலத்திலிருந்து எழும் சூடான காற்று காட்சியை அலையவைக்கிறது. கானல் எழுந்த பிறகு 15 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது பறவையை அல்ல, கானலை. நடுக்கத்தைத் தணிக்கும் மின்னணு ஏற்பாடும் இதற்கு உதவாது. அசைவது கை அல்ல, இடையில் இருக்கும் காற்று. தொலைவில் நிற்கும் சிறு உள்ளான்களை இனம் பிரிக்க விரும்புகிறவர் காலையின் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

நடுக்கத்தைத் தணிக்கும் கருவிகளில் கேனன் நெடுங்காலமாக முன்னணியில் நிற்கிறது. அதன் 10×42 எல், 15×50, 18×50 மாதிரிகளில், இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே திரவம் நிரப்பி, விரிந்து சுருங்கும் உறையால் மூடிய பட்டகம் ஒன்று இருக்கிறது. கை அசையும் திசையையும் வேகத்தையும் உணரிகள் அளந்து சொல்ல, சிறு மோட்டார்கள் தட்டுகளின் சாய்வை மாற்றி ஒளியை எதிர்த்திசையில் வளைக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் துள்ளிக்கொண்டிருந்த காட்சி நின்றுவிடுகிறது. முதல் முறை பார்க்கிறவருக்கு வியாழன் பக்கத்தில் நிலாக்கள் வரிசையாக நிற்பது அந்த நொடியில்தான் தெரியவரும். பொத்தான் அழுத்தாத 15 மடங்குக்கும் அழுத்திய 15 மடங்குக்கும் உள்ள தூரம், சாதாரண வில்லைக்கும் உயர்ந்த வில்லைக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது.

15×50 கருவியின் காட்சிப் புலம் 4.5 பாகை. கார்த்திகைக் கொத்து முழுவதும் சுற்றிலும் இடம் விட்டு அதில் அடங்கும். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் இருண்ட வானில் ஏறத்தாழ 3 பாகை நீளத்துக்கு நீண்டு கிடப்பதையும் காணலாம். சந்திரனின் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிகின்றன. சனிக்கோள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தோன்றும். வளையத்தைப் பிரித்துப் பார்க்க தொலைநோக்கிதான் வேண்டும். கருவி ஏறத்தாழ 1.2 கிலோ எடை. கழுத்தில் தொங்கவிட்டுக் காலை முழுவதும் நடப்பது சிரமம். இரண்டு பென்சில் பேட்டரிகளில் சில மணி நேரம் ஓடுகிறது. 6 மீட்டருக்குள் வரும் பறவையின் மேல் குவியம் வைக்க முடியாது. சாரல் மழையைத் தாங்கினாலும் இது முழுக்க நீர்புகாத கருவி அல்ல.

கடைசியாகச் சொன்னது தமிழகக் கடற்கரைக்குச் சின்ன விஷயமல்ல. இங்குள்ள ஈரப்பதத்தில் வில்லையில் பூஞ்சை பிடிப்பது பரவலான சேதம். ஒருமுறை உள்ளே பிடித்தால் மேற்பூச்சையே அரித்துவிடும். நைட்ரஜன் போன்ற உலர்ந்த வாயு நிரப்பி அடைக்கப்பட்ட ஐரோப்பியக் கருவிகள் இதை நன்கு தாங்குகின்றன. அடைக்கப்படாத கருவியைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருப்பது கட்டாயம். தோல் உறைக்குள் அலமாரியில் பூட்டிவைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

கேனனின் 10×42 எல் இந்தக் குறையைத் தீர்க்கிறது. நீர் புகாது. 2.5 மீட்டர் வரை அருகே பார்க்கலாம். ஒளிக்கற்றை 4.2 மில்லிமீட்டர், காட்சிப் புலம் 6.5 பாகை, என்எல் ப்யூர் 12×42 காட்டுவதும் அதே கோணம்தான். 2005இல் வந்த பழைய மாதிரி என்றாலும் அதன் வில்லைகள் இன்றும் சளைத்தவையல்ல. கருவி ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிறது, கைக்கு அடக்கமாக இல்லை. கண்ணருகே இருக்கும் ரப்பர் வளையங்கள் அகலமும் கடினமுமாக இருப்பதால் ஒடுங்கிய முகம் உள்ளவர்களுக்கு மூக்கை அழுத்தும். பறக்கும் ஆலாவைத் தொடர்ந்து கருவியைத் திருப்பும்போது, தணிப்பு இயங்கினால் காட்சி சற்றுப் பின்தங்குகிறது. அப்போது பொத்தானை விட்டுவிடுவதே நல்லது. விலை என்எல் ப்யூரில் ஏறத்தாழ பாதி.

விளிம்புத் தெளிவைச் சோதிக்க விண்மீனைவிட நல்ல கருவி கிடையாது. பிரகாசமான ஒரு விண்மீனைக் காட்சியின் நடுவே வைத்துக் கூர்மையாக்கி, மெதுவாக விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரணக் கருவியில் அது சிறகு முளைத்ததுபோல விரியும். என்எல் ப்யூர், ஸைஸ் விக்டரி எஸ்எஃப், மேலே சொன்ன கேனன் கருவிகள் ஆகியவற்றில் காட்சியைத் தட்டையாக்கும் கூடுதல் வில்லைகள் இருப்பதால் விண்மீன் விளிம்பை நெருங்கும் வரை புள்ளியாகவே இருக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: பறவைக் கூட்டத்தின் மேல் கருவியை வேகமாக ஓட்டினால் காட்சி ஓர் உருண்டையின் மேல் உருள்வதுபோலத் தோன்றலாம். சிலருக்குத் தலைசுற்றும், பலர் கவனிப்பதே இல்லை. இதை அவரவர் கண்ணால்தான் தீர்மானிக்க முடியும்.

வானத்துக்கென்றே செய்த பெரிய கருவிகள் வேறு உலகம். நிக்கான் 2017இல் வெளியிட்ட டபிள்யூஎக்ஸ் 10×50 கருவியின் காட்சிப் புலம் 9 பாகை. அதற்கு இணை இல்லை. ஆனால் எடை 2.5 கிலோ. அதிலும் ஃபியூஜினானின் 70 மில்லிமீட்டர் கருவிகளிலும் இரு கண்களுக்கும் தனித்தனியே குவியம் திருக வேண்டும். எப்போதும் ஒரே தொலைவில் இருக்கும் விண்மீனுக்கு அது போதும், பறவைக்கு உதவாது.

தமிழகத்திலிருந்து வானம் பார்ப்பவருக்கு அமைவிடமே ஒரு சாதகம் தருகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து காணவே முடியாத தென்வானப் பொருள்கள் இங்கே எழுகின்றன. ஒமேகா செண்டாரி என்னும் கோளக் கொத்து கன்னியாகுமரியில் அடிவானத்திலிருந்து 34 பாகை உயரம் வரை ஏறுகிறது. மே மாத முன்னிரவில் 10 மடங்கில்கூடப் பஞ்சுருண்டையாகத் தெரியும். கரினா நெபுலா சென்னையில் 17 பாகை வரை வரும். இவை தெற்கில் தாழ்வாகவே நிற்பதால், தென் திசையில் நகர வெளிச்சம் இல்லாத இடம் தேவை. தெற்கே கடல் இருக்கும் ஊர்களில் இது எளிது.

கண்ணாடி அணிபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முழுக் காட்சி கிடைக்க, கண்ணருகு வில்லையிலிருந்து கண் தள்ளியிருக்கக்கூடிய தூரம் என்எல் ப்யூரில் 18 மில்லிமீட்டர், 15×50 கேனனில் 15. தடித்த கண்ணாடிக்கு 15 போதாமல் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர் இரவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகிக்கொள்ளலாம். சிதறல் பார்வை உள்ளவருக்கு அந்த வழி இல்லை.

காலையெல்லாம் நடந்து பறவை பார்த்து, எப்போதாவது வானத்தை அண்ணாந்து பார்ப்பவருக்கு என்எல் ப்யூர் 12×42, நெற்றித் தாங்கியுடன். நிலாவும் விண்மீன் கொத்துகளும் முதன்மை, ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்ப்பது இரண்டாவது என்பவருக்கு கேனன் 15×50. இரண்டுக்கும் சம இடம் கொடுத்து ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றால் கேனன் 10×42 எல்: அசையாத 10 மடங்கு, ஆடும் 15 மடங்கைவிட அதிகம் காட்டுகிறது. எதை வாங்கினாலும் கடைக்குள் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தி சாயும் வரை காத்திருந்து, வெளியே எடுத்துவந்து, ஒரு விண்மீனின் மேல் பத்து நிமிடம் தொடர்ந்து பிடித்துப் பாருங்கள். கை வலித்தாலோ இரு கண்களின் காட்சியும் ஒன்றாகச் சேராமல் கண் கூசினாலோ, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.