நாற்பத்தொரு நாள் கூத்து

2017ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், திருச்சி வழக்கறிஞர் பி. அய்யாக்கண்ணுவின் தலைமையில் தமிழகத்து உழவர்கள் தில்லி ஜந்தர் மந்தர் சாலையில் வந்து அமர்ந்தார்கள். கையில் மண்டையோடுகள். தற்கொலை செய்துகொண்ட உழவர்களின் மண்டையோடுகள் அவை என்றார்கள். அதைப் பற்றி நம் குடியிருப்பின் மாடிப்படியில் நான் முதன்முதலாகக் கேட்ட விமரிசனம் ஒரே சொல்லில் முடிந்துவிட்டது: "நாடகம்!" நாடகக் கலைக்கு ஆண்டுதோறும் விழாவெடுத்து மலர் வெளியிடும் நம்மிடையே அச்சொல் வசைச்சொல்லாய்ப் போனது எப்படி? அது நாடகந்தான் என்று ஒப்புக்கொண்டு, நாடகமாகவே அதனை எடைபோட்டுப் பார்க்க விழைகிறேன்.

அதன் பின்னணியை அன்பர்கள் அறிவார்கள். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என மாநில அரசே அறிவித்தது. கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம், விளைபொருளுக்குக் கட்டுபடியான விலை, நதிநீர் இணைப்பு ஆகியவை உழவர்களின் கோரிக்கைகள்.

தலைநகர்த் தமிழருக்கு நாடகம் புதிதன்று. இங்கே பேராசிரியராயிருந்த இந்திரா பார்த்தசாரதியின் 'மழை' நாடகத்தைத் தில்லியின் தட்சிண பாரத நாடக சபாவினர் மேடையேற்றினர். 1968 டிசம்பர் 25இல் நிகழ்ந்த கீழ்வெண்மணிக் கொடுமையை வைத்து அவர் எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அந்நாவலில் தில்லியிலிருந்து ஒருவன் தஞ்சைக் கிராமத்துக்குப் போகிறான். 2017இலோ அந்தக் கிராமமே புறப்பட்டுத் தில்லிக்கு வந்துவிட்டது. ஆனால் நம் ஏக்கம் வேறு வழியில் நடை பழகியிருந்தது. கச்சேரி, காப்பிப்பொடி, கரோல்பாக்கில் வாங்கிய வாழையிலை, மண்டபத்தில் எரிவாயு அடுப்பின்மேல் பொங்கும் பொங்கல் என்று அது இதமான பொருள்களை நாடியே போகிறது. அப்பொங்கலின் அரிசியை விளைவித்தவன் ஜந்தர் மந்தரில் வெயிலில் படுத்திருந்ததும் ஊரிலிருந்து வந்த செய்திதானே? அது இதமாக இல்லை. ஆகவே நாம் அதனைச் செய்தியாக ஏற்கவில்லை.

என் அலுவலகத்திலிருந்து அவ்விடம் நடந்துபோகும் தொலைவு. உணவு இடைவேளைகளில் சென்று நின்றேன். அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஆர்ப்பாட்டங்களில் கலந்துகொள்வதற்கு வரம்பு கட்டுகின்றனவே ஒழிய, வேடிக்கை பார்ப்பதற்கு அல்ல. ஆயினும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டுதான் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அங்கே நான் கண்டவை பலவும் நமக்கு வேண்டிய பழைய சரக்கே. ஆடவர் சேலை உடுத்திப் பெண் வேடமிட்டது தெருக்கூத்தின் மரபு. திரௌபதியாகவும் பொன்னுருவியாகவும் ஆடவர் ஆடக்கண்ட கண்களுக்கு அதில் கேலி தோன்றாது. பிணமாக ஒருவர் படுக்க, சூழ நின்று மார்பிலடித்து அழுதது நம் ஊர்ச் சாவு வீட்டின் ஒப்பாரி. பாதி மீசையும் பாதித் தலைமயிரும் மழித்துக்கொண்டது, கிராமத்தில் ஒருவனை அவமானப்படுத்த ஊர் செய்யும் காரியம்; அதைத் தமக்குத் தாமே செய்துகொண்டபோது அவமானம் யாரைச் சேரும் என்ற கேள்வி பார்ப்பவர்பால் திரும்பியது. ஒப்பனையாளரோ இயக்குநரோ இன்றி இவ்வளவு பொருள் செறிந்த காட்சியை நம் சபா மேடைகளில் நான் கண்டதில்லை.

எனினும் எல்லாக் காட்சிகளும் ஒரே தரத்தவை அல்ல. மண்டையோடு நடிக்கவில்லை, சும்மா இருந்தது. அதனால்தான் அது அத்தனையிலும் உயர்ந்து நின்றது. எலியை வாயில் கவ்வியது முதலில் உலுக்கியது. பசியின் எல்லையை அது சொல்லிற்று. பாம்பு வந்தபோது உலுக்கல் போய் அருவருப்பு மட்டும் எஞ்சியது. ஏப்ரல் 10ஆம் நாள் பிரதமர் அலுவலகத்தருகே ஆடை களைந்து ஓடினார்கள். 22ஆம் நாள் சிறுநீர் அருந்தினார்கள். ஏன் இப்படி ஏறிக்கொண்டே போயிற்று? தொலைக்காட்சிக் காமிராவுக்கு நேற்றைய காட்சி இன்று வேண்டாம். நம் கூத்துக்கோ திரும்பத் திரும்ப நிகழ்வதே வலிமை. ஆண்டுதோறும் அதே அரவான் களப்பலியாவதைக் கண்டு ஊர் அலுத்துக்கொள்வதில்லை. கூத்தாக இருக்கவேண்டியது காமிராவின் பசிக்குத் தீனியாயிற்று என்பதே இந்நாடகத்தின் மேல் நான் வைக்கும் குற்றம். எலியை நினைவில் வைத்திருப்பவர்களுள் எத்தனை பேர் கோரிக்கைகளுள் ஒன்றையேனும் சொல்லக்கூடும்?

இவ்விடத்தில் தில்லியின் மற்றொரு தெருநாடகத்தை ஒப்பிடத் தோன்றுகிறது. சப்தர் ஹாஷ்மியும் தோழர்களும் ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் சார்பில் 1978இல் 'மெஷின்' என்ற சிறு நாடகத்தைப் படைத்தனர். நடிகர்களின் உடல்களே இயந்திரமாக இயங்கி, திடீரென நின்றுவிடும். தொழிலாளர் கேட்டவை சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் ஓர் உணவகமும் மட்டுமே. அக்கோரிக்கை நாடகத்தின் உள்ளேயே இருந்தது; பதாகையில் தனியே தொங்கவில்லை. 1989 சனவரி முதல் நாள் சாகிபாபாத் அருகே ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' ஆடிக்கொண்டிருக்கையில் குழுவினர் தாக்கப்பட்டனர். தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். மறுநாள் ஹாஷ்மி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 34. சனவரி 4ஆம் நாள் அவர் மனைவி மொலாயஸ்ரீ அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று, நின்றுபோன நாடகத்தைத் தோழர்களுடன் ஆடி முடித்தார். தில்லி தெருநாடகத்தை மறவாதிருப்பதற்கு அந்த நான்காம் நாளும் ஒரு காரணம்.

'மெஷின்' இந்தியில் பேசிற்று. தெருவும் இந்தி பேசும் தெரு. நம் உழவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. சொல் செல்லாத ஊரில் உடம்பைத்தான் முன்னிறுத்த முடியும். மேலே நான் கூறிய குற்றத்தில் பாதியை இக்காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யத்தான் வேண்டும்.

தமிழக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நேரில் வந்து உறுதி கூறியபின், ஏப்ரல் 23ஆம் நாள் போராட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். சூலையில் திரும்பவும் வந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் நாடெங்குமிருந்து உழவர்கள் தில்லிக்கு அணிவகுத்தபோதும் அந்த மண்டையோடுகள் வந்தன.

ஏப்ரல் மாதத்து நண்பகல் ஒன்றை மட்டும் குறிப்பிடவேண்டும். முதியவர் ஒருவர் ஒப்பாரி எடுத்தார். செத்துப்போன வயலை மகனாகப் பாவித்து, அது பிறந்தது, தவழ்ந்தது, பால் பிடித்தது, கருகியது என்று வரிசையாகச் சொல்லி அழுதார். அருகில் நின்ற கல்லூரி மாணவி என்னை மதராசி என்று எப்படியோ கண்டுகொண்டு, "என்ன பாடுகிறார், ஐயா?" என்று இந்தியில் வினவினாள். பால் பிடித்தல் என்ற சொல் கதிருக்கும் குழந்தைக்கும் ஒருங்கே பொருந்துவதை அவளுக்கு எப்படிச் சொல்வது? இருபதாண்டுகளாக இரு மொழிகளில் கோப்புக்குறிப்பு எழுதும் எனக்கு ஒரு வாக்கியமும் கூடிவரவில்லை. "தண்ணீர் கேட்கிறார்," என்றேன். அவள் தன் பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டுபோய் முதியவரிடம் நீட்டினாள். அவர் பாட்டை நிறுத்தி, வாங்கிக் குடித்தார்.