பிச்சாவரத்து மீன்முள் வாய்க்கால்கள்

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. உள்ளே மரமற்ற திட்டுகள் பெருகியபோது, விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று பழி அக்கம்பக்கத்துக் கிராமங்களின் மேல் விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு வேறு காரணத்தைக் காட்டியது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை வனத்துறையே காட்டைக் கூறுபோட்டு, முறைவைத்து மொட்டையடித்திருந்தது. நிழல் போன சேறு காய்ந்து அமுங்கிக் குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த ஓதநீர் வற்றத்தில் வடியாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, மண்ணை உவராக்கியது. அங்கே எந்தக் கன்றும் பிழைக்காது.

அதற்குக் கண்ட வழி எளியது: நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன்முள் போலச் சரிந்த கிளைகள். நீர் வந்து போனது; உப்பு தணிந்தது; கரைகளில் கன்று நட்டார்கள். 1986க்கும் 2002க்கும் இடையில் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகச் செயற்கைக்கோள் படங்கள் சொல்லின. குற்றம் சாட்டப்பட்ட ஊர்க்காரர்களையே பராமரிப்பில் பங்காளிகளாக்கியதைத்தான் நான் இதைவிடப் பெரிதாக மதிப்பேன்.

ஆனால் மேலிருந்து எடுத்த படத்துக்குப் பச்சை எல்லாம் ஒன்றுதான். நட்டதில் பெரும்பங்கு வெண்கண்டல். அது உப்பைத் தாங்கும், வெட்டினாலும் தழைக்கும். சுரபுன்னை அந்த அளவு உப்பைத் தாங்காது, வெட்டினால் தழைக்கவும் செய்யாது. பரப்பளவை மட்டும் எண்ணினால் பல மரக் காடு ஒரு மரக் காடாவது கணக்கில் விழாது. வாய்க்காலும் ஒருமுறை வெட்டினால் தீர்கிற வேலையன்று. வண்டல் அடைத்துக்கொண்டே இருக்கும். திட்டப் பணம் நின்றபின் தூர்வார யார் பொறுப்பு?

2004 சுனாமி இக்காட்டுக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. காட்டுக்குப் பின்னிருந்த ஊர்கள் தப்பியது உண்மை. ஆனால் கடலோரச் சேதத் தரவுகளை மறுபடி அலசியவர்கள், கடலிலிருந்த தொலைவும் நில உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். அந்தப் புகழைக் கொஞ்சம் குறைத்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய குறை வேறு. மீன்முள் வாய்க்கால் கொண்டுவருவது கடல்நீரை. அலையாத்திக்கு ஆற்றுநீரும் வேண்டும். 1934இல் மேட்டூர் அணை வந்தபின், கீழணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் இறங்குவது பெரும்பாலும் வெள்ள உபரிதான். அந்த உபரியும் கடலில் வீணாகக் கலப்பதாகவே இங்கே பேசுகிறோம். காவிரிப் பங்கீட்டில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் குரல் கொடுக்க ஆள் உண்டு. முகத்துவாரத்துக்கு எந்த மாதம் எவ்வளவு நீர் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கோடு வந்து நின்றாலொழிய, பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு இடம் கிடைக்காது.